மணல் வடிகட்டியின் மேல்தோலைச் சுரண்டலாமா? உயிர்ப்படலத்துக்குள் நடக்கும் சண்டையும் சேர்ந்திருப்பும்

வட்டக்கச்சி ரீச்சர் | ஞாயிறு, இரவு 8.10

வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலைக் கிணற்றடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கொங்கிறீற்றுப் பெட்டி இருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் வைத்துத் தந்தார்கள். அடியில் சல்லி, அதன்மேல் மணல். மேலே வாளியால் ஊற்றினால் குழாய் வழியே தெளிந்த தண்ணீர் வரும். சில நாட்களில் மணலின் மேல் மண்ணிறத்தில் வழுவழுப்பான தோல் படியும். அதை ஊத்தை என்று நினைத்து, வெள்ளிக்கிழமைதோறும் முறை வைத்துப் பிள்ளைகள் மணலை அள்ளிக் கழுவி வெளிற்றும் தூளும் போடுவார்கள். பெட்டியைத் தந்தவர்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சென்ற வாரம் அந்த மாணவி கேட்டாள்: "ரீச்சர், வியாழக்கிழமைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. கழுவிய பிறகு திங்கட்கிழமை வருவதுதான் கலங்கலாக இருக்கிறது. அப்படியென்றால் ஊத்தை எது?"

இரண்டு இரவு தேடிப் படித்தேன். அந்தத் தோல்தான் வடிகட்டி; மணல் அது உட்காரும் இடம் மட்டுமே. 1829இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்சன் செல்சி நீர் வழங்கலுக்காக மணல் வடிகட்டி கட்டியபோது கலங்கலை நீக்குவதே நோக்கம். கிருமியால் நோய் வரும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1892இல் ஜேர்மனியில் எல்ப் ஆற்றங்கரையில் அந்தத் தோலின் பெறுமதி தெரிந்தது. ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹம்பேர்க் நகரத்தில் கொலரா 8,000க்கும் அதிகமானோரைக் கொன்றது. அதே ஆற்றில் இன்னும் கீழே, ஹம்பேர்க்கின் கழிவும் கலந்து வரும் இடத்தில் நீர் எடுத்த அல்டோனா நகரம் பெருமளவு தப்பியது. அங்கே மணல் வடிகட்டி இருந்தது. ஜேர்மானியர் அந்தத் தோலுக்கு வைத்த பெயரின் பொருள் "அழுக்குப் போர்வை". அந்தப் போர்வையைத்தான் நாங்கள் வாராவாரம் உரித்து எறிந்திருக்கிறோம். எத்தனை பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று நினைக்க மனம் பதறுகிறது.

என் கேள்வி இதுதான். அந்தத் தோல் பற்றீரியாக்கள் கட்டிய உயிர்ப்படலம். பல இனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. "ஒரு கூட்டுக்குடும்பம் போல" என்று வகுப்பில் சொன்னேன். சொன்ன பிறகு நெருடுகிறது. அவை உண்மையில் ஒன்றுக்கொன்று உதவுகின்றனவா, அல்லது இடம் இல்லாமல் நெருக்குப்படுகின்றனவா?

ஒட்டுசுட்டான் உழவன் | ஞாயிறு, இரவு 9.02

ரீச்சர், எங்கள் வீட்டிலும் அதே பெட்டி இருக்கிறது. என் மனைவி மணலைக் கழுவுவதில்லை; தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கினால் மேலே கையால் இலேசாகக் கலக்கி, கலங்கிய நீரை மட்டும் கோப்பையால் அள்ளி வெளியே ஊற்றுவாள். பக்கத்து வீட்டார் "சோம்பல்" என்று சொன்னார்கள். நாளை காலை அவளிடம் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்.

எனக்கும் இரண்டு கேள்விகள். ஒன்று, குழாய்க்கிணற்றுக் குழாயில் செங்காவி நிறத்தில் சளிபோலப் படிகிறதே, அதுவும் இந்த வகைதானா? மற்றது, மூன்று வருடங்களுக்கு முன் வேர்முடிச்சுப் பற்றீரியா என்று ஒரு பொதி தந்தார்கள். உழுந்து விதையில் பிசறி விதைத்தேன். போட்ட வரம்புக்கும் போடாத வரம்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பொதி பழையதா, நான் செய்த முறை பிழையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

நுணுக்குக்காட்டி | ஞாயிறு, இரவு 10.25

வவுனியாவில் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். கூட்டுக்குடும்பம் என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை, ரீச்சர். பிள்ளைகள் மனதில் அந்தப் படம் பதிந்தால் பிறகு மாற்றுவது கடினம்.

முதலில் படலம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிதந்து திரியும் பற்றீரியா ஒரு மேற்பரப்பில் ஒட்டுகிறது, பெருகுகிறது, தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் இறந்த கலங்களிலிருந்து சிந்திய டீ.என்.ஏ.யும் கலந்த ஒரு பசையைச் சுரக்கிறது. அந்தப் பசைக்குள் ஆளை ஆள் தொட்டபடி வாழ்க்கை. உங்கள் பற்காரை அதுதான். 1683இல் ஒல்லாந்துக்காரரான லேவன்ஹூக் தம் பல்லில் சுரண்டிய வெள்ளைப் பசையை வில்லையால் பார்த்து, உள்ளே அசையும் உயிர்களை எழுதிவைத்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 300 வருடங்கள் நாங்கள் பற்றீரியாவைக் குடுவைக் குழம்பில் தனித்தனியாக வளர்த்தே படித்தோம். கனடாவின் கொஸ்டேர்ட்டனும் கூட்டாளிகளும் 1978இல் பற்றீரியா எப்படி ஒட்டுகிறது என்று எழுதிய பிறகுதான், இயற்கையில் அவற்றின் வீடு படலம் என்பது பரவலாக உறைத்தது.

இப்போது அந்த வீட்டுக்குள் நடப்பதைக் கேளுங்கள். 1925இல் பெல்ஜியத்தின் அந்திரே கிராத்தியா, குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவின் ஒரு வகை தன் சொந்த இனத்தின் இன்னொரு வகையைக் கொல்லும் நஞ்சைச் சுரப்பதைக் கண்டார். அதை வெளிவிடும் கலம் வெடித்து இறந்துவிடும். அதன் உறவுகள் மாற்று மருந்தை உள்ளே வைத்திருப்பதால் தப்பிவிடும். 2005இல் தொட்டாலே பெருக்கத்தை நிறுத்தும் ஒரு முறை தெரியவந்தது. 2006இல் அதைவிடப் பயங்கரமான ஒன்று: கொலராக் கிருமிக்குள் ஈட்டி போன்ற ஒரு பொறி. சுருங்கி, பாய்ந்து, பக்கத்துக் கலத்தின் சுவரைத் துளைத்து நஞ்சை ஏற்றிவிடும். கொலராக் கிருமி அத்துடன் நிற்பதில்லை. இறால் இனத்துச் சிற்றுயிர்களின் ஓட்டில் படிந்து வாழும்போது, கொன்றதன் டீ.என்.ஏ.யையும் உள்ளிழுத்துத் தனதாக்கிக்கொள்கிறது.

இதற்கு யாராவது குடும்பம் என்று பெயர் வைப்பார்களா?

(உழவன் அண்ணா, செங்காவிச் சளி இரும்பை ஒட்சியேற்றி வாழும் பற்றீரியாக்களின் படலம். நேரடியாக நோய் தருவதில்லை. ஆனால் அதன் அடியில் ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் சல்பேற்றை உண்ணும் இன்னொரு கூட்டம் குடியேறி இரும்புக் குழாயை அரிக்கும். முட்டை அழுகிய மணம் வந்தால் அவர்கள் வந்துவிட்டார்கள்.)

அறிவியல்நகர் மாணவி | திங்கள், காலை 6.40

அண்ணா சொன்ன கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். "அதன் அடியில் ஒட்சிசன் தீர்ந்த இடத்தில்." அந்த இடத்தை உண்டாக்கியது யார்? மேலே இருப்பவர்கள் மூச்சுவிட்டுத் தீர்த்ததால்தான் கீழே இருப்பவர்களுக்கு வீடு கிடைத்தது. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தடிப்புக்குள் மேலே காற்று வேண்டியவர்களும் கீழே காற்றைத் தாங்க முடியாதவர்களும் வாழ்கிறார்கள்.

நான் விவசாய பீடத்தில் மண் நுண்ணுயிரியல் படிக்கிறேன். வயல் சேற்றில் இதையே பெரிதாகப் பார்க்கலாம். காலபோகத்தில் நீர் கட்டிய வயலில் மேல் சில மில்லிமீற்றர் சேறு மட்டும் மண்ணிறமாக இருக்கும்; கீழே கறுப்பு. கறுப்புச் சேற்றில் காலை வைத்தால் குமிழி வருகிறதே, அதில் மெதேன் இருக்கிறது. அதை ஆக்குபவை பற்றீரியா அல்ல. ஆர்க்கியா என்ற வேறொரு கிளை. அவை வைக்கோலை நேரே உண்ண முடியாதவை. வைக்கோலைப் பற்றீரியாக்கள் நொதிக்க வைத்து ஐதரசனை வெளிவிடும். அதை மெதேன்காரர் உண்பார்கள். முக்கியமான இடம் இதுதான்: ஐதரசன் தேங்கினால் நொதிக்க வைப்பவை சிலவற்றுக்கு அந்த வேலையே நடக்காது. உண்பவன் உண்டால்தான் சமைப்பவன் சமைக்க முடியும்.

இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்றால், மதுசாரத்திலிருந்து மெதேன் ஆக்கும் ஒரு நுண்ணுயிருக்குத் தனிப் பெயர் வைத்துப் பல வருடங்கள் ஒரே இனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1967இல் பிரயன்ற் என்பவரின் குழு பிரித்துப் பார்த்தபோது அது இரண்டு பேர். ஒருவர் ஐதரசன் கொடுப்பவர், ஒருவர் எடுப்பவர். இதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரீச்சரின் வடிகட்டித் தோலிலும் அப்படி ஒரு சோடி இருக்கும். அமோனியாவை நைத்திரைற்றாக்கும் ஒன்று, அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும் இன்னொன்று. பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் குடியிருக்கும். முதலாமவருக்கு நைத்திரைற்று நஞ்சு. இரண்டாமவருக்கு அது சோறு.

கனகராயன் | திங்கள், பிற்பகல் 1.15

ஊர் மாங்குளம் பக்கம். இப்போது வெளிநாட்டில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். கனகராயன் ஆற்றில் குளித்து வளர்ந்தவன் என்பதால் இந்தப் பெயர். தங்கச்சி மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் நுணுக்குக்காட்டி அண்ணாவின் பக்கம்தான் நிற்கிறேன். பிறகு ஒரு இடத்தில் அவரோடும் முரண்படுவேன்.

ஒன்றின் கழிவை இன்னொன்று உண்பது உதவி ஆகாது. சந்தை முடிந்த பிறகு மாடு வந்து மரக்கறித் தோலைத் தின்கிறது. வியாபாரி மாட்டுக்காகத் தோலைப் போடவில்லை. உண்மையான உதவி எவ்வளவு என்று ஃபொஸ்டரும் பெல்லும் 2012இல் அளந்து பார்த்தார்கள். மரப்பொந்தில் தேங்கும் மழைநீரிலிருந்து பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து, தனியாகவும் சோடியாகவும் வளர்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது இருவருக்கும் நன்மை கிடைத்த சோடிகள் மிக அரிது. பெரும்பாலும் போட்டி.

ஆனால் போட்டி இவ்வளவு கடுமையாக இருந்தால் வென்ற ஒருவர் மட்டும்தானே எஞ்சியிருக்க வேண்டும்? வடிகட்டித் தோலில் எப்படி இத்தனை இனம்? அண்ணாவின் கதையில் இதற்குப் பதில் இல்லை. பதில் 2002இல் கேர் என்பவரும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனையில் இருக்கிறது. இந்தத் துறைக்கு நான் வந்ததே அதைப் படித்துத்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று ஈ. கோலை வகைகளை எடுத்தார்கள். முதலாவது நஞ்சன்: கிராத்தியா கண்ட அந்த நஞ்சைச் சுரப்பவன். இரண்டாவது மெலியன்: நஞ்சு பட்டால் இறப்பவன், ஆனால் எந்தச் செலவும் இல்லாததால் மிக வேகமாக வளர்பவன். மூன்றாவது தாங்கி: நஞ்சைச் சுரப்பதில்லை, நஞ்சு தாக்கவும் மாட்டாது, தாங்கும் தன்மைக்குக் கொஞ்சம் வளர்ச்சியை விலையாகக் கொடுப்பவன். நஞ்சன் மெலியனைக் கொல்வான். மெலியன் தாங்கியை வளர்ச்சியில் முந்துவான். தாங்கி நஞ்சனை முந்துவான், ஏனென்றால் நஞ்சனுக்கு நஞ்சு செய்யும் செலவும் இருக்கிறது. கல், கடதாசி, கத்தரிக்கோல் விளையாட்டு இதுவே.

மூன்றையும் குடுவையில் போட்டுக் குலுக்கினார்கள். மெலியன் விரைவில் ஒழிந்தான். பிறகு தாங்கி நஞ்சனையும் முந்தி, தனியே எஞ்சினான். அதே மூன்றையும் கூழ்த்தட்டின் மேற்பரப்பில், இடம் மாறாமல் வளர்த்தார்கள். மூவரும் எஞ்சினார்கள். எல்லைகளில் ஓயாமல் சண்டை. ஒரு திட்டு முன்னேறும், இன்னொரு திட்டு பின்வாங்கும், ஆனால் எவரும் அழியவில்லை. சண்டை குறைந்ததால் அல்ல. நஞ்சு பக்கத்தில் இருப்பவனை மட்டுமே எட்டுகிறது. தூரத்தில் இருக்கும் மெலியனுக்கு வளர நேரம் கிடைக்கிறது.

படலத்தின் பசை செய்யும் வேலை இதுதான். அவரவரை அவரவர் இடத்தில் இருத்திவைக்கிறது. ரீச்சர், நீங்கள் வெள்ளிக்கிழமை மணலை அள்ளிக் கழுவும்போது, வெளிற்றும் தூளால் கொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தட்டைக் குடுவையாக மாற்றுகிறீர்கள்.

வீட்டில் மாணவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய இன்னொன்று: ரெயினியும் ட்ராவிசானோவும் 1998இல் ஒரே வகைப் பற்றீரியாவைக் குழம்புக் குழாயில் விட்டு அசையாமல் வைத்தார்கள். சில நாட்களுக்குள் அது வடிவம் மாறி, மேலே மிதக்கும் பாயாக ஒரு வகை, நடுநீரில் ஒரு வகை, அடியில் ஒரு வகை என்று பிரிந்தது. குலுக்கிய குழாயில் அப்படிப் பிரியவில்லை. அந்தப் பாய் கட்டுபவை பசை சுரக்கச் செலவழிக்கின்றன. பாயில் ஏறிக்கொண்டு பசை சுரக்காமல் ஏமாற்றுபவர்கள் பெருகினால் பாய் பாரம் தாங்காமல் மூழ்கிவிடும்.

அறிவியல்நகர் மாணவி | திங்கள், மாலை 5.30

அண்ணா, மரப்பொந்துப் பரிசோதனையில் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் எடுத்தது தட்டில் தனியாக வளரக்கூடிய பற்றீரியாக்களை. தனியாக வாழ முடியாதவை அந்தப் பரிசோதனைக்குள் நுழையவே இல்லை. துணையில்லாமல் வளர முடியாதவர்களை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வந்தவர்களிடம் "உங்களுக்குத் துணை தேவையா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 1967இல் பிரித்த அந்த இருவரில் ஐதரசன் கொடுப்பவர் மதுசாரத்தில் தனியே நன்றாக வளரவே இல்லை.

கனகராயன் | திங்கள், இரவு 7.05

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். கட்டுரையின் தலைப்பிலேயே "வளர்க்கக்கூடிய" இனங்கள் என்று அவர்கள் எல்லை போட்டிருக்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டுச் சொன்னது என் பிழை. மாட்டுக்கதையையும் திருத்த வேண்டும். மாடு தோலைத் தின்னாவிட்டால் வியாபாரி கடை போட முடியாது என்றால் அது வேறு கதைதான்.

முள்ளியவளை | திங்கள், இரவு 9.48

நான் படித்தவன் அல்ல. இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கலாமா?

2009 முதல் என் வலது தொடையில் எறிகணைத் துண்டு ஒன்று இருக்கிறது. எலும்போடு சேர்ந்து கிடக்கிறது, எடுப்பது கடினம் என்று அப்போது சொன்னார்கள். வருடத்தில் ஒருமுறை, சில வருடங்களில் இருமுறை, அந்த இடம் சிவந்து வீங்கி ஒரு சிறு வாயால் சீழ் வரும். மருந்து தருவார்கள். இரண்டு கிழமையில் காய்ந்துவிடும். மாரி தொடங்கி வயலில் இறங்கினால் மறுபடியும் வரும். சீழைப் பரிசோதித்தார்கள்; ஒருமுறை ஒரு கிருமியின் பெயர், இன்னொருமுறை வேறு பெயர், இன்னொருமுறை ஒன்றும் வளரவில்லை என்று தாள் வந்தது. ஒன்றுமே வளராத இடத்திலிருந்து எப்படிச் சீழ் வரும்? நீங்கள் சொல்லும் படலம் என் காலுக்குள்ளும் இருக்கிறதா?

நுணுக்குக்காட்டி | செவ்வாய், காலை 5.55

அண்ணா, உங்கள் பதிவைப் பார்த்த பிறகு நித்திரை வரவில்லை. வன்னியில் உங்களைப் போன்றவர்களின் சீழ் மாதிரிகள் எங்கள் மேசைக்கு இன்றும் வருகின்றன. நான் வைத்தியர் அல்ல; ஆய்வுகூடத்துக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் காலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உடலுக்குள் தங்கிய உலோகமும், இரத்தம் ஓடாத இறந்த எலும்புத் துண்டும் படலம் கட்டுவதற்கு மிக விருப்பமான இடங்கள். இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. போனாலும் படலத்தின் ஆழத்தில் உள்ள கலங்கள் உணவில்லாமல் ஏறத்தாழ உறங்கிக்கொண்டிருக்கும். பல நுண்ணுயிர்க்கொல்லிகள் வளரும் கலத்தைத்தான் கொல்லும். 1944இல் பிக்கர் என்ற வைத்தியர் பெனிசிலினுக்குத் தப்பும் ஒரு சிறு பங்கைக் கண்டு அவற்றுக்கு "விடாப்பிடியர்" என்ற பொருளில் பெயர் வைத்தார். மருந்து மேலே இருப்பவர்களை அழிக்கும், காயம் காயும், பிறகு அந்த விடாப்பிடியர் மறுபடி பெருகுவார்கள்.

தாளில் பெயர் மாறி மாறி வருவதற்கு இந்த இழையில் பேசிய சண்டையே காரணமாக இருக்கலாம். பழைய காயங்களில் அடிக்கடி சேர்ந்து காணப்படுபவை இரண்டு: ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ், சூடோமோனாஸ். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறாத காயங்களில் முதலாவது மேற்பரப்பை அண்டியும் இரண்டாவது இன்னும் ஆழத்திலும் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பஞ்சுக்குச்சியால் மேலே தடவி எடுத்தால் ஆழத்தில் இருப்பவன் தப்பலாம்.

இன்னும் ஒன்று. சூடோமோனாஸ் ஒரு பொருளைச் சுரந்து ஸ்ரபிலோகொக்கஸின் மூச்சை அடைக்கிறது. சிலது இறக்கும். சிலது மூச்சுவிடும் வழியையே கைவிட்டு, மிக மெதுவாக வளரும் குறுவடிவமாக மாறித் தப்பும். 2006இல் கண்ட விடயம் என்னை உலுக்கியது: அப்படி மாறியவற்றை ஜென்ரமைசின் வகை மருந்துகளும் எளிதில் கொல்வதில்லை, ஏனென்றால் அந்த மருந்து கலத்துக்குள் நுழைவதே மூச்சின் விசையால்தான். அயலவனின் அடியைத் தாங்கப் பழகியது எங்கள் மருந்தையும் தாங்குகிறது. இந்தக் குறுவடிவம் தட்டில் தெரிய 48 முதல் 72 மணித்தியாலம் எடுக்கும். ஒரு நாளில் பார்த்துவிட்டு "வளரவில்லை" என்று எழுதினால் தவறிவிடலாம்.

ஆகவே அடுத்த முறை போகும்போது இது 2009 முதல் உள்ள காயம், உள்ளே உலோகம் இருக்கிறது என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். தட்டை நீண்ட நேரம் வைத்திருக்கும்படி வைத்தியர் கேட்டுக்கொள்ளலாம். எலும்புச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் மறுபடி ஒரு கருத்துக் கேளுங்கள். அன்று எடுக்க முடியாத துண்டை இன்று எடுக்க முடியலாம். பல இடங்களில் தீர்வு துண்டையும் இறந்த எலும்பையும் அகற்றுவதுதான். தந்த மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். சீழ் வரும் காலத்தில் சேற்றில் இறங்கவும் வேண்டாம்.

முள்ளியவளை | செவ்வாய், காலை 7.20

நன்றி தம்பி. இத்தனை வருடத்தில் ஏன் மாறவில்லை என்று யாரும் இப்படி இருந்து சொன்னதில்லை. கிளினிக் நாள் வியாழன். நீங்கள் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்.

கரைவலை | செவ்வாய், பிற்பகல் 2.30

முல்லைத்தீவுக் கரையிலிருந்து. கண்ணாடியிழைப் படகைக் கடலில் விட்டால் முதலில் வழுவழுப்பு, பிறகு பச்சைப் பாசி, பிறகு ஓட்டுச்சிப்பிபோல வெட்டும் பூச்சிகள். வழுவழுப்பு வராமல் பண்ணினால் பூச்சி வராதா?

கனகராயன் | செவ்வாய், மாலை 4.10

உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. கடலில் எந்தப் பொருளை விட்டாலும் பற்றீரியாப் படலம்தான் முதலில் வரும். படகில் குழாய் கட்டி வாழும் ஒரு கடற்புழுவின் குஞ்சு, ஒரு குறிப்பிட்ட பற்றீரியாவின் படலம் இருக்கும் இடத்தில் இறங்கி உருமாறுகிறது. 2014இல் காரணம் தெரிந்தது: அந்தப் பற்றீரியா வெளியிடும், சுருங்கிப் பாயும் ஈட்டிகளின் கொத்து. நுணுக்குக்காட்டி அண்ணா சொன்ன ஈட்டிக்கு இது உறவு முறை. ஓரிடத்தில் கொலைக்கருவி, இன்னோரிடத்தில் புழுக்குஞ்சுக்கு வரவேற்பு. ஆனால் எல்லாப் பூச்சியும் படலத்தைப் பார்த்து வருவதில்லை. ஆகவே வழுவழுப்பைத் தேய்த்தால் குறையும், நிற்காது. கரையேற்றிக் காயவிடும் உங்கள் பழக்கம்தான் இன்றும் நல்ல வழி.

அந்த ஈட்டியைப் பற்றி நான் முரண்படுவதாகச் சொன்ன இடத்துக்கும் வருகிறேன். 2017இல் கொலராக் கிருமியில் ஒன்று காட்டினார்கள். ஈட்டி வைத்திருக்கும் இரண்டு வகைகளைக் கலந்து பரப்பினால், எல்லையில் ஒன்றையொன்று கொன்று கொன்று, கடைசியில் இரண்டும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடுகின்றன. திட்டுக்குள் எல்லோரும் உறவு. அப்போதுதான் ஒருவர் சுரக்கும் பசையும் நொதியமும் ஏமாற்றுக்காரருக்குப் போகாமல் தன் உறவுக்கே போகிறது. கொலை நடந்ததால்தான் உள்ளே உதவிக்கு இடம் பிறந்தது. அதனால்தான் அண்ணாவின் போர்க்களமும் தங்கச்சியின் துணையும் ஒரே தோலில் இருப்பது எனக்கு வியப்பாக இல்லை.

அறிவியல்நகர் மாணவி | செவ்வாய், இரவு 8.00

உழவன் ஐயா, உங்கள் உழுந்துக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம். பொதியும் பிழையாக இல்லாமல் இருக்கலாம், நீங்கள் செய்த முறையும் பிழையாக இல்லாமல் இருக்கலாம். நீங்கள் பல வருடம் பயறும் உழுந்தும் கௌபியும் போட்ட மண். அங்கே வேர்முடிச்சுப் பற்றீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது. உங்கள் மண்ணின் வறட்சிக்கும் சூட்டுக்கும் பழகியது. பொதியில் வந்தது நைதரசன் பிடிப்பதில் வல்லதாக இருந்தாலும், வேரில் இடம் பிடிக்கும் போட்டியில் ஊர்க்காரரிடம் தோற்றுவிடும். உலகம் முழுவதும் விதைப் பற்றீரியா தோற்பதற்கு இது பெரிய காரணம். அடுத்த முறை பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மெதுவாகக் கிண்டி முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உங்கள் ஊர்ப் பற்றீரியா நன்றாக வேலை செய்கிறது, பொதி தேவையில்லை.

வட்டக்கச்சி ரீச்சர் | அடுத்த செவ்வாய், இரவு 7.45

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். எல்லாப் பதிவுகளையும் அச்சிட்டு வகுப்பில் வாசித்தோம். "கூட்டுக்குடும்பம்" என்று சொன்னதைப் பிள்ளைகள் முன்னால் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சுத்தம் செய்யும் முறைப் பட்டியலையும் மாற்றிவிட்டோம். பெட்டிக்குள் இனி வெளிற்றும் தூள் போடுவதில்லை. வடிந்து வரும் நீரைச் சேர்க்கும் வாளியில் அளந்து போடுகிறோம். மணலை அள்ளுவதில்லை. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் 1990களில் டேவிட் மான்ஸ் இந்தச் சிறு பெட்டியை வடிவமைத்தபோதே, நீர் ஓடாத நேரத்திலும் மணலுக்கு மேலே ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீர் நிற்கும்படி வைத்தார். அதைவிட ஆழமானால் தோலுக்கு ஒட்சிசன் போதாது, குறைந்தால் காய்ந்துவிடும். எங்கள் பெட்டியின் குழாயை யாரோ தாழ்த்தி வெட்டியிருந்தார்கள். அதனால் சனி ஞாயிறு முழுவதும் மணல் காய்ந்து கிடந்திருக்கிறது. அதைச் சரிசெய்தோம். தோல் முழுமையாகக் கட்ட ஒரு மாதம்வரை எடுக்கலாம் என்பதால் அதுவரை கொதித்தாறிய நீர்தான் பிள்ளைகளுக்கு. உப்பையும் சுண்ணத்தன்மையையும் புளோரைட்டையும் இந்தத் தோல் நீக்காது என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வன்னிக் கிணறுகளுக்கு அது தனிப் பிரச்சினை.

கேள்வி கேட்ட மாணவி இப்போது கேட்பது இது: வெளியிலிருந்து வரும் வயிற்றுக் கிருமி அந்தத் தோலில் ஏன் குடியேறுவதில்லை? அவளே பதிலும் எழுதினாள். இடமெல்லாம் பிடிபட்டுவிட்டது, உணவை மற்றவர்கள் முந்தி எடுத்துவிடுகிறார்கள், சிலர் நஞ்சு வைத்திருக்கிறார்கள், பற்றீரியாவை உண்ணும் ஒரு கல உயிர்கள் மேய்ந்து திரிகின்றன, வயிற்றின் சூட்டுக்குப் பழகியவனுக்கு அங்கே குளிர். நான் ஒன்றும் திருத்தவில்லை.

இரணைமடு வாய்க்காலில் ஆறு கண்ணாடி வழுக்கிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்றை நிழலில், மூன்றை வெயிலில். இன்று ஏழாம் நாள். விரலால் தொட்டாலே வழுவழுப்புத் தெரிகிறது. எங்கள் நுணுக்குக்காட்டியில் சாயமில்லாமல் மங்கலாகத்தான் இருக்கிறது. தம்பி, உங்களிடம் ஊதாச் சாயம் கொஞ்சம் இருந்தால் சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் காத்திருப்பார்கள்.

நுணுக்குக்காட்டி | அடுத்த செவ்வாய், இரவு 8.20

முதல் பஸ்ஸில் வருகிறேன், ரீச்சர். வழுக்கிகளை வெள்ளிக்கிழமை மாலைதான் நீரிலிருந்து எடுங்கள். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம். சாய்த்து வைத்து நிழலில் காயவிடுங்கள்.